விழுந்த வீரனுக்கு நாம் பட்ட கடன்

காய்ச்சலில் படுத்தவனைக் கண்டால், "அல்லாஹ்வின் நாட்டம், சீக்கிரம் குணமாகட்டும்" என்று நாம் துஆச் செய்கிறோம். கபடிக் களத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து படுத்தவனைக் கண்டாலோ நம் நாவு வேறு விதமாகப் புரளுகிறது. "யார் இவனை ஆடப் போகச் சொன்னது? சும்மா இருந்த காலை ஒடித்துக் கொண்டு வந்து நிற்கிறான்!" என்கிறோம். முதலாமவனுக்கு அனுதாபம், இரண்டாமவனுக்கு உபதேசம். இந்த வேற்றுமை மார்க்கத்தின் பார்வையில் சரிதானா? தானே தேடிப் போய்க் காயப்பட்டவனுக்கு நம்மீது உரிமை ஏதும் உண்டா? உண்டென்றால் அது எத்தனை நாளைக்கு? இவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

எங்கள் பக்கத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பேரிகை, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உர்தூவும் ஒரே கடைவீதியில் காதில் விழும். இப்பகுதி இளைஞர்கள் பலர் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். விடுமுறை நாள் வந்தால் கிரிக்கெட் மட்டையையும் வாலிபால் வலையையும் தூக்கிக் கொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். இவர்களுள் எவரும் விளையாட்டால் சோறு தின்பவரல்லர். மிஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பதும் அந்தக் கால்தான். மைதானத்தில் ஓடுவதும் அதே கால்தான். அது விழுந்தால் ஆட்டம் மட்டுமா நிற்கிறது? வீட்டு உலையும் அல்லவா நிற்கிறது!

பெருமானார் குதிரையிலிருந்து விழுந்தபோது

உடற்பயிற்சியையும் பந்தயத்தையும் நம் மார்க்கம் வெறுத்ததில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதும், அதில் இப்னு உமர் (ரலி) அவர்கள் கலந்து கொண்டார்கள் என்பதும் ஸஹீஹான ஹதீஸ்களில் காணப்படுகின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் ஓட்டப் பந்தயம் ஓடியதும், ருக்கானா என்ற மல்லருடன் மல்யுத்தம் செய்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. தொழுகையைப் பாழாக்காமல், சூதாட்டம் கலவாமல், மானம் மறைத்து ஆடுகிற ஆட்டத்தை ஆகாது என்று சொல்ல நமக்கு இடமில்லை.

நம் கேள்விக்கு நேரடியாக விடை தரும் சம்பவம் ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவர்களுடைய வலப்பக்கம் சிராய்த்து விட்டதாக ஹள்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குதிரை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிப்பாகத்தில் தள்ளிவிட, பாதம் பிசகிவிட்டதாக ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. நின்று தொழ இயலாமல் அண்ணலார் உட்கார்ந்து தொழுதார்கள். ஸஹாபாக்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கூர்ந்து படித்தால் தெரியும்: ஒருமுறை போனதோடு அவர்கள் நின்றுவிடவில்லை, பின்னர் மறுமுறையும் போனார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. குதிரையேற்றம் விழுவதற்கு இடமுள்ள செயல். அது தெரிந்துதான் ஏறுகிறார்கள். ஆயினும் அந்தக் காயத்துக்கு நலம் விசாரிக்க வேண்டும் என்பதில் தோழர்களுக்குச் சிறு தயக்கமும் இருக்கவில்லை. இது முதற் பாடம். ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு கடமை தீர்ந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. இது இரண்டாம் பாடம்.

இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஹள்ரத் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அருகில் இருந்தே அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெருமானார் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அடிக்கச் செய்தார்கள். ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். பெருமானார் அவ்வழியே போகும்போது மாலையில் 'எப்படி இருக்கிறீர்' என்றும், காலையில் 'எப்படி விடிந்தது' என்றும் கேட்பார்களாம். போர்க்களக் காயமும் மைதானக் காயமும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். நான் காட்ட விரும்புவது நலம் விசாரித்த முறையை. காயம்பட்டவரைத் தூர ஒதுக்காமல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக் கொண்டார்கள்; காலையும் மாலையும் விசாரித்தார்கள்.

"தானே தேடிக் கொண்டது" என்ற வாதம்

"நோய் தானாக வருவது; ஆட்டக் காயம் இவனாகத் தேடிக் கொண்டது" என்பாரின் வாதத்தை எடுத்துக் கொள்வோம். இது பலமான வாதம் போலத் தோன்றும். ஆனால் எந்தக் காயம் நாம் தேடாமல் வருகிறது? வியாபாரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனவன் விழுகிறான். தேங்காய் பறிக்க ஏறியவன் விழுகிறான். எல்லாம் அவரவர் தேர்ந்தெடுத்த காரியத்தில் நேர்ந்தவையே. நோயாளியை விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்று நபிமொழி கூறுகிறது. 'அவன் தன்மீது குற்றமில்லாமல் நோயுற்றிருந்தால்' என்ற நிபந்தனையை அந்த நபிமொழியில் நான் காணவில்லை.

அவன் ஆட்டத்துக்காகத் தொழுகையை விட்டிருக்கலாம். பெற்றோர் பேச்சைத் தட்டியிருக்கலாம். அதற்கு நஸீஹத் செய்யத்தான் வேண்டும். ஆனால் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் நேரம் அதற்குரிய நேரமன்று. தண்ணீரில் மூழ்குகிறவனுக்கு முதலில் கை கொடுக்க வேண்டும். நீச்சல் தெரியாமல் ஏன் இறங்கினாய் என்ற கேள்வி கரையேறிய பிறகு வரட்டும்.

இது பொதுவான பதில். ஆட்டக்காரன் விஷயத்தில் இதைக் காட்டிலும் கனமான ஒரு பதில் இருக்கிறது. அவன் தனக்காக மட்டும் ஆடினானா? பனியனில் ஊரின் பெயர் இருந்தது. அவன் பந்தை அடித்தபோது நாம் கை தட்டினோம். கோப்பை வென்றபோது தோளில் தூக்கினோம். அந்தக் கோப்பையைக் கடைவீதியில் எல்லாரும் பார்க்கும்படி வைத்து, பக்கத்து ஊர்க்காரனிடம் பெருமை பேசினோம். அந்தப் பெருமையில் நமக்குப் பங்கு இருந்தது.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு பொது விதி உண்டு. ஒன்றின் ஆதாயம் யாருக்கோ அதன் சுமையும் அவருக்கே என்பது அதன் கருத்து. வியாபாரப் பங்காளிகளுக்குச் சொன்ன விதிதான் இது. ஆயினும் மனச்சாட்சி உள்ளவன் இதைத் தன் வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்ப்பான். வெற்றியில் பங்கு கொண்ட ஊர், காயத்தில் மட்டும் "அது அவன் பாடு" என்று ஒதுங்கினால், லாபத்துக்குக் கூட்டாளியாகவும் நஷ்டத்துக்கு அந்நியனாகவும் இருந்த கதைதான். வியாபாரத்தில் இப்படிச் செய்பவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? ஆகவே, கை தட்டியவன் கடன்பட்டவன் என்பதே என் துணிபு.

சகோதரர் ஷமியின் அனுபவம்

இக்கடனைக் குடும்பமும் நண்பர்களும் எப்படித் தீர்த்தார்கள் என்பதற்கு, நம் காலத்து முஸ்லிம் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையே சான்று. வேகப்பந்து வீச்சாளர் முஹம்மது ஷமியைத் தெரியாத வீடு இருக்காது. உத்தரப் பிரதேசத்து அம்ரோஹா மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 2015ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டிகளில் முழங்கால் காயத்துடனேயே பந்து வீசினார். அதன்பின் முழுவதும் தேறி வர அவருக்கு 18 மாதங்கள் ஆயின. மீண்டும் ஆடத் தொடங்கிய காலத்தில் வேறு சொந்தத் துயரங்களும் வந்து சேர்ந்தன.

2020ஆம் ஆண்டு மே மாதம், சக ஆட்டக்காரர் ரோஹித் சர்மாவுடன் நேரலையில் பேசும்போது அவரே மனம் திறந்து சொன்னார். உயிரை மாய்த்துக் கொள்ளலாமா என்ற எண்ணம் தமக்கு மூன்று முறை வந்தது என்றார். அப்போது அவர் வீடு 24ஆவது மாடியில் இருந்தது. எங்கே குதித்து விடுவாரோ என்று வீட்டார் அஞ்சி, அவரைத் தனியே விடாமல் கண்காணித்தார்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இரவும் பகலும் உடனிருந்தார்கள். குடும்பம் மட்டும் துணை நிற்காதிருந்தால் தம் ஆட்டமே போயிருக்கும் என்று அவர் கூறினார்.

கோடிக்கணக்கானோர் பெயர் அறிந்த ஒருவர்; சம்பளத்துக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லாதவர். அவருக்கே காயத்தின் தனிமை இத்தனை பாரமாக இருந்ததென்றால், வாரக் கூலி நின்றுபோன ஓர் இருபத்திரண்டு வயதுப் பையனின் உள்ளம் என்ன பாடுபடும்! தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருட்டில் தவிப்பவனிடம் சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்துவிட்டால் போதுமா? ஷமியின் வீட்டார் பக்கத்தில் படுத்துக் கொண்டார்கள்; அதுவே அவரைக் காத்தது. ஓர் உயிரை வாழவைத்தவன் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவன் போலாவான் என்று திருமறை சொல்லுவதன் பொருள் இத்தகைய இரவுகளில்தான் விளங்கும். மனம் தளர்ந்து பேசுகிறவனை "ஈமான் குறைந்தவன்" என்று இழித்துரைக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அரசு வைத்திருக்கிறது. மருந்து தேடுவது தவக்குலுக்கு விரோதமன்று.

அந்த ஷமி 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் எடுத்தார்; எல்லா நாட்டு வீரர்களிலும் அதுவே அதிகம். பின்னர் கணுக்காலில் காயம். 2024 பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருப்பு. அவ்வாண்டு நவம்பரில் வங்காள அணிக்காக மீண்டும் களம் இறங்கினார். தேறுவது என்பது ஒரு தடவை ஏறி முடிக்கிற படியன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

மூன்றாம் மாதத்தில் யார் வருகிறார்கள்?

இனி 'எத்தனை நாளைக்கு' என்ற கேள்வி. காயப்பட்ட முதல் வாரத்தில் வீடு கொள்ளாத கூட்டம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து குவியும். இரண்டாம் வாரம் பாதியாகும். மாதம் ஒன்று கழிந்தால் வாசலில் செருப்பே இராது.

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்து கொண்டவன் திரும்ப மைதானத்தில் இறங்கச் சுமார் ஒன்பது மாதங்கள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். வலி குறைந்துவிட்டதே என்று முந்திக் கொண்டு ஆடினால் மறுபடியும் கிழியும் அபாயம் அதிகம். நாள் தோறும் பயிற்சி செய்து தொடைச் சதையைப் பலப்படுத்த வேண்டும். அது சலிப்பூட்டும் வேலை. பார்க்க ஆளில்லாத வேலை. கை தட்டல் இல்லாத வேலை. உண்மையில் அவனுக்கு ஆள் வேண்டியிருப்பது அப்போதுதான்.

காசு விஷயத்திலும் அப்படியே. இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நோய்க்கால உதவித் தொகை உண்டு. மருத்துவர் சான்று தந்தால், வேலையிடத்துக்கு வெளியே ஏற்பட்ட காயத்துக்கும் அது பொருந்தும். ஊதியத்தில் 70 சதவீதம். பொதுவாக ஆண்டில் 91 நாட்களுக்கு மேற்படாமல். இதை அறியாமலே வேலையை விட்டு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே முதலில் இதை அவனுக்கு எடுத்துச் சொல்லுவதே ஓர் உதவிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 91 நாட்கள் என்றால் மூன்று மாதம். நின்று கொண்டும் பாரம் தூக்கியும் செய்கிற வேலைக்கு அவன் கால் அதற்குள் தயாராகாமல் போகலாம். சட்டம் கையை எடுத்துக் கொள்ளும் இடத்திலிருந்து கால் தேறும் இடம் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குப் பொறுப்பு யார்? ஜமாஅத்தும் ஊரும் அல்லாமல் வேறு யார்?

செய்யத்தக்கவை

1. போய்ப் பார்ப்பதை முறை வைத்துக் கொள்ளுங்கள். ஒரே நாளில் இருபது பேர் போவதைவிட, வாரத்துக்கு இருவராக ஒன்பது மாதமும் போவது மேல். கொஞ்ச நேரம் இருங்கள், துஆச் செய்யுங்கள், ஆறுதலாகப் பேசுங்கள். "இனிமேல் உன்னால் ஓட முடியாதாமே?" என்று கேட்காதீர்கள். "எப்போது ஆட வருவாய்? நீயில்லாமல் டீம் தோற்கிறது" என்றும் கேட்காதீர்கள். முதல் கேள்வி அவன் நம்பிக்கையைக் கொல்லும். இரண்டாம் கேள்வி, ஆறாத காலோடு அவனை மைதானத்துக்கு இழுத்து வரும்.

2. மருத்துவத்துக்குத் துணை போங்கள். எங்கள் பக்கத்தில் காலில் அடிபட்டால் சட்டென்று புத்தூர்க் கட்டுக்குப் புறப்படுவார்கள். எலும்பு முறிவு வேறு, ஜவ்வுக் கிழிவு வேறு. கிழிந்த ஜவ்வைக் கட்டு ஒட்டவைக்காது. படம் எடுத்துப் பார்த்து நிபுணரிடம் கேட்பதே முறை. கட்டுப் போட்ட காலோடு பஸ்ஸில் ஏறி ஓசூருக்கோ பெங்களூருக்கோ போவது எளிதா? வண்டி வைத்திருப்பவர் ஒரு நாள் அழைத்துச் செல்வது பெரிய ஸதகாவாகும்.

3. வீட்டுப் பெண்களை நினையுங்கள். பிள்ளை படுத்தால் பணிவிடையெல்லாம் தாய் தலையிலும் மனைவி தலையிலும் விழுகிறது. ஹள்ரத் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவ்வீட்டார் துயரத்தில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்குச் சமைத்துக் கொடுங்கள் என்று பெருமானார் கூறினார்கள். கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு அனுப்புவதற்கு மரணம் நேர்ந்தால்தான் ஆகுமா? நம் வீட்டுப் பெண்கள் இதை நன்கு செய்வார்கள்.

4. பணம் கொடுப்பதைக் கௌரவமாகக் கொடுங்கள். அவன் ஏழையாகவோ கடனில் மூழ்கியவனாகவோ இருந்தால் ஜகாத்துக்கே உரியவன். ஆட்டத்தில் காயப்பட்டான் என்பது அதற்குத் தடையன்று. மறைத்துக் கொடுப்பது மேல் என்றும், சொல்லிக் காட்டித் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் திருமறை போதிக்கிறது. போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டி அவன் முகத்தைக் கவிழச் செய்யாதீர்கள்.

5. போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா அணியிடமும் நுழைவுத் தொகை வாங்கி, அதையே ஜெயித்தவனுக்குப் பரிசாகக் கொடுப்பது சூதாட்டத்தின் சாயலுடையது என்று உலமாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். பரிசை வெளியார் நன்கொடையில் வையுங்கள். நுழைவுத் தொகையில் மைதானச் செலவு போக மீதியைக் காயப்படுவோர் உதவிக்கென்று ஒதுக்குங்கள். ஒரு தவறும் நீங்கும். ஒரு நன்மையும் பிறக்கும்.

6. பள்ளிவாசல் அவனை மறந்துவிடக் கூடாது. நிற்க முடியாதவன் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவன் படுத்தும் தொழலாம் என்பது நபிமொழி. கட்டின்மீது ஈரக் கையால் மஸஹ் செய்ய மார்க்கத்தில் இடமுண்டு. அதன் விவரம் மத்ஹபுக்கு மத்ஹபு சற்று வேறுபடுவதால் இமாமே வீட்டுக்குப் போய்க் கற்றுக் கொடுக்கட்டும். அவன் நடக்கத் தொடங்கியதும் உட்கார ஒரு நாற்காலியும், படியேற ஒரு கையும் பள்ளியில் காத்திருக்கட்டும்.

இவற்றில் எதையும் நம் மஹல்லாவோடு நிறுத்திக் கொள்ள வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து அணிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீட்டுக்கே சென்று பார்த்தார்கள். அந்தச் சுன்னத்தைப் பின்பற்றுகிறவன் வாசற்படியில் நின்று ஜாதி மதம் கேட்பானா?

இனி ஆடவே முடியாதென்றால்?

எல்லாக் காயமும் முழுவதும் ஆறுவதில்லை. சிலர் திரும்ப ஆடுவதேயில்லை. நம் அன்பு, அவன் மறுபடி கோப்பை வாங்கித் தருவான் என்ற எதிர்பார்ப்பில் கிடக்கிறதா, அவனிடமே கிடக்கிறதா என்பதற்கு அதுவே சோதனை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவைப் பாருங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலக்கால் சிதைந்தது. காய்கறி விற்றுப் பிழைத்த தாயார் கடன் வாங்கி வைத்தியம் செய்தார். பள்ளி விளையாட்டு ஆசிரியர் அந்தப் பிள்ளையின் ஊனத்தைப் பாராமல் திறமையைப் பார்த்தார். 2016இல் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் அவர்; டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். எல்லாரும் பதக்கம் வாங்குவார்கள் என்று சொல்ல வரவில்லை. பதக்கம் ஏதும் கண்ணுக்குத் தெரியாத காலத்திலேயே அந்தத் தாயார் கடன் பட்டார் அல்லவா? அன்பு என்றால் அதுதான்.

பலமுள்ள முஃமின் பலவீனமானவரைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்ற நபிமொழியை உடற்பயிற்சிக் கூட்டங்களில் நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லுகிறோம். அதே நபிமொழி, இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் சொல்லுகிறது. அந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அம்பெய்வதில் பெயர் பெற்ற ஹள்ரத் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குத் தாம் மற்றவரை விடச் சிறந்தவர் என்ற எண்ணம் தோன்றியபோது, உங்களுக்கு உதவியும் உணவும் கிடைப்பது உங்களிலுள்ள பலவீனர்களின் பொருட்டால் அல்லவா என்று பெருமானார் கேட்டார்கள். வீரர்களிலே ஒரு வீரருக்குச் சொன்ன சொல் அது! நேற்றுவரை ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தவன், இன்று ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பதால் ஊருக்குப் பாரமாகிவிடவில்லை. யார் பொருட்டால் நமக்கு ரிஸ்கு இறங்குகிறதோ அவர்களின் வரிசையில் அவன் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

மறுமையில் அல்லாஹ் ஓர் அடியானிடம், 'நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே' என்ற கருத்தில் கேட்பான் என்றும், அந்த நோயாளியைப் போய்ப் பார்த்திருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்று கூறுவான் என்றும் முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸி அறிவிக்கிறது. அந்த நோயாளி எப்படி நோயுற்றான் என்ற விசாரணை அங்கே இல்லை; நீ போனாயா என்ற விசாரணைதான் இருக்கிறது.

உங்கள் தெருவில் காலில் கட்டோடு படுத்திருப்பவன் யார்? அவன் படுத்து எத்தனை மாதமாகிறது? கடைசியாக நீங்கள் போனது எப்போது? வல்ல ரஹ்மான் காயமுற்ற நம் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைத் தாங்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும், கை தட்டிய கைகளாலேயே அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் தவ்ஃபீக்கை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.